ஸ்கா: அலைகளா, தொடர்ச்சியா?

எதிரடியில் கித்தார் அழுத்தம் பெறும் ஸ்கா இசையை அறிமுகப்படுத்துவோர், 1960களின் ஜமைக்கா, 1979ஐ ஒட்டிய இங்கிலாந்து, 1990களின் அமெரிக்கா என மூன்று அலைகளாகப் பகுப்பர். கற்பிக்க எளிதான இப்பகுப்பை நாம் முழுமையாக ஏற்பதற்கில்லை. 1985இல் தோன்றிய தோக்கியோ ஸ்கா பாரடைஸ் குழுவுக்கு இதில் இடமே இல்லை. அதனினும் பெருங்குறை, முதல் அலை ஓய்ந்தபின் இரண்டாவது புதிதாக எழுந்தது எனும் மயக்கத்தை இது தருவது.

டிராம்போன் கலைஞர் ரிக்கோ ரொட்ரிகஸை நோக்குக. கிங்ஸ்டன் நகரின் அல்ஃபா ஆண்கள் பள்ளியில் பயின்றவர். ஸ்கேட்டலைட்ஸ் குழுவின் டான் டிரம்மண்டும் அப்பள்ளியினரே. ரிக்கோ 1961இல் இங்கிலாந்தில் குடியேறினார். டான்டி லிவிங்ஸ்டன் 1967இல் பாடிய 'ரூடி, எ மெசேஜ் டு யூ' பாடலில் ஒலிப்பது இவரது வாசிப்பு. கொவென்ட்ரியின் ஸ்பெஷல்ஸ் குழு 1979இல் அப்பாடலை மீண்டும் பதிவுசெய்தபோது, டிராம்போனை ஏந்தி நின்றவரும் அவரே. திறனாய்வாளர் சிலர் இதனை 'மறுமலர்ச்சி' என்கின்றனர். நமக்கு அச்சொல் உடன்பாடன்று.