வழிநூல் செய்தோர்: 'சம்பா' மென்பொருள் குறித்து ஒரு விமர்சனம்

இலக்கிய விமர்சனத்துக்கென ஒதுக்கப்படும் இப்பக்கங்களில் ஒரு கணினி மென்பொருளைப் பற்றி எழுதுதல் பொருந்துமா எனச் சிலர் வினவக்கூடும். மென்பொருளும் மனிதரால் எழுதப்படுவதே. அதற்கும் ஆசிரியர் உண்டு, பதிப்பு உண்டு, உரை உண்டு, உரிமைப் பூசலும் உண்டு. ஒரு சமுதாயத்தின் உழைப்பு எவ்வாறு எழுத்துருப் பெறுகிறது, அவ்வெழுத்தை எவர் தமது உடைமையாக்கிக் கொள்கின்றனர் என ஆராய்வது விமர்சகனின் தொழிலாயின், இதுவும் அவனது எல்லைக்குள் வருவதேயாம். அன்றியும், எமது மாணவர் நாள்தோறும் கைபடப் பழகும் ஒன்றைப் பற்றி ஆசிரியர்களாகிய நாம் வாய் திறவாதிருத்தல் தகாது.

'சம்பா' என்றதும் மட்டக்களப்பு வாசகருக்கு நெல்லே நினைவுக்கு வரும். நாம் பேசப் புகுந்தது வேறு. ஓர் அலுவலகத்திலோ பாடசாலையிலோ உள்ள கணினிகள் தம்முள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள ஒரு பொதுமொழி வேண்டும். ஐ.பி.எம். நிறுவனத்திலே தோன்றி, மைக்ரோசொப்ட் நிறுவனத்தால் வளர்க்கப்பட்டு, விண்டோஸ் கணினிகளின் பேச்சுமொழியாகிவிட்ட அத்தகைய ஒன்றுக்கு எஸ்.எம்.பி. என்று பெயர். அம்மொழியை லினக்ஸ், யுனிக்ஸ் முதலிய கணினிகளும் பேசுமாறு செய்யும் கட்டற்ற மென்பொருளே சம்பா. முதலில் இட்ட பெயருக்கு வேறொரு நிறுவனம் உரிமை கோரவே, எஸ், எம், பி என்னும் மூன்றெழுத்தும் அதே வரிசையில் வரும் சொற்களைக் கணினி அகராதியிலே தேடிப் பிரேசில் நாட்டு நடனத்தின் பெயரைத் தெரிந்துகொண்டனர். எமது வயற்காரர் அந்தக் குழுவில் இருந்திருப்பின் பெயருக்கு வேறு பொருள் கற்பித்திருப்பர்!

இதன் தொடக்கம் 1991ஆம் ஆண்டின் முடிவிலும் 1992ஆம் ஆண்டின் ஆரம்பத்திலும் நிகழ்ந்தது. அவுஸ்திரேலியாவின் கன்பரா நகரிலுள்ள தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராயிருந்த அன்ட்ரூ ட்ரிட்ஜல் என்பார், தமது மேசையிலிருந்த சிறு கணினியிலிருந்து யுனிக்ஸ் கணினியின் சேமிப்பிடத்தைப் பயன்படுத்த விரும்பினார். அதற்கான மொழியின் இலக்கணம் அவர் கையில் இல்லை. கணினிகள் இரண்டு பேசிக்கொள்ளும்போது கம்பி வழியே செல்லும் செய்திகளை ஒட்டுக்கேட்டு, ஊகித்து, தாமும் ஒரு சொல் சொல்லிப் பார்த்து, மறுமொழியைக் கொண்டு பொருள் தெளிந்தார். பிரெஞ்சு மொழி அறியாதவன் பிரெஞ்சு உணவகமொன்றில் அமர்ந்து, பிறர் கேட்பதையும் பணியாள் கொண்டுவருவதையும் கவனித்து மொழி கற்பதற்கு இதனை அவரே ஒப்பிட்டார். எமக்கு அவ்வளவு தூரம் செல்ல வேண்டியதில்லை. வேலை தேடிக் கொழும்புக்குப் போன எமது இளைஞர் தேநீர்க்கடைகளிலே சிங்களம் கற்றது இம்முறையால் அன்றோ?

இவ்வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஒரு தனிமேதையின் வீரகாதையாகவே எழுதிவிடுகின்றனர். ட்ரிட்ஜலின் திறமையைக் குறைத்து மதிப்பது எமது நோக்கமன்று. ஆயினும், அவர் எழுதிய சில பக்கங்களை உலகறிந்த ஒரு கருவியாக்கியவர்கள், வலையமைப்பு வழியே பிழைகளை அறிவித்தும் திருத்தங்களை அனுப்பியும் வந்த பலநாட்டு உழைப்பாளரே. ஜெரெமி அலிசன் முதலானோர் தொடக்க ஆண்டுகளிலேயே உடன் சேர்ந்தனர். 2002ஆம் ஆண்டு முதல் ஜேர்மனியின் கோற்றிங்கன் நகரை மையமாகக் கொண்டு இவர்களது மகாநாடு நடைபெற்று வருகிறது. தனிமனிதனை வியந்து கூட்டுழைப்பை மறைக்கும் இக்கதை மரபு எமது இலக்கிய வரலாறுகளிலும் மலிந்து கிடப்பதால், மாணவர் இதனை எளிதில் நம்பிவிடுவர் என்றே அஞ்சுகிறோம்.

நூல்களை முதல்நூல் என்றும் வழிநூல் என்றும் வகுப்பது தமிழ் இலக்கண மரபு. சம்பா ஒரு வழிநூல். அதன் பெருமையும் சிறுமையும் இங்கேயே அடங்கியுள்ளன. முதல்நூலாசிரியன் பிழைபட எழுதினால் வழிநூலாசிரியனும் அப்பிழையை அவ்வாறே எழுதவேண்டும். இல்லையேல் விண்டோஸ் கணினி அவனோடு பேச மறுத்துவிடும். முதல்நூலாசிரியன் இலக்கணத்தை மாற்றினால் இவனும் இரவோடிரவாக மாறவேண்டும். 2000ஆம் ஆண்டில் மைக்ரோசொப்ட் 'அக்டிவ் டிரெக்டரி' என்னும் அடைவுச் சேவையை விண்டோஸ் 2000உடன் வெளியிட்டது. நிறுவனமொன்றில் யார் யார் உளர், அவரது கடவுச்சொல் யாது, எவர் எதனைத் திறக்கலாம் என்பன அனைத்தும் அடங்கிய பதிவேடே அடைவுச் சேவை. அதற்கு நிகராகத் தானே நின்று பணியாற்றவல்ல சம்பா நான்காம் பதிப்பு வெளிவந்தது 2012 டிசெம்பரில். பன்னிரண்டு ஆண்டுகள்! அதுவரையும் பழைய முறையிலேயே பதிவேட்டைப் பேண முடிந்தது. திறமைக்குறைவு இதற்குக் காரணமன்று. இலக்கணம் பூட்டிவைக்கப்பட்டிருந்தமையே காரணம்.

அப்பூட்டு எவ்வாறு போடப்பட்டது என்பது நோக்கற்பாலது. அக்டிவ் டிரெக்டரியின் அடித்தளக் கற்கள் மைக்ரோசொப்ட் செதுக்கியவை அல்ல. ஆளை அடையாளம் காணும் 'கேர்பெரோஸ்' முறை அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 1980களில் உருவானது. பதிவேட்டை வினவும் 'எல்டாப்' முறை மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1990களின் ஆரம்பத்தில் தோன்றியது. இரண்டும் பொதுவில் வைக்கப்பட்டவை. அவற்றை எடுத்துக்கொண்ட நிறுவனம், கேர்பெரோசுடன் தனக்கென ஒரு சேர்க்கையை இணைத்து, 2000ஆம் ஆண்டில் அதன் விவரத்தை வெளியிட்டபோது வாசிப்போர் அதனை வணிக இரகசியமாகப் பேணவேண்டுமென நிபந்தனையும் விதித்தது. பொதுநிலத்தைச் சுற்றி வேலியிட்டுப் பின்னர் உள்ளே வருவோரிடம் ஆவணம் கேட்கும் வித்தை எமக்குப் புதிதன்று. மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சற்றரைகளுக்காக 2023 செப்டெம்பரில் எமது அயற்கிராமமாகிய சித்தாண்டியில் பாற்பண்ணையாளர் வீதியோரம் அமர்ந்தபோது கேட்ட கேள்வியும் இத்தகையதே: பொதுவாயிருந்தது எப்பொழுது, எவருடையதாயிற்று?

இப்பூட்டு திறந்த கதையும் படிப்பினை மிக்கது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1998இல் செய்த முறைப்பாட்டின் பேரில் ஐரோப்பிய ஆணைக்குழு விசாரித்து, 2004 மார்ச்சில் மைக்ரோசொப்டுக்கு 49 கோடி 70 இலட்சம் யூரோவுக்கு மேல் தண்டம் விதித்தது. பிறரது கணினிகளும் பேசுதற்கு வேண்டிய இலக்கணத்தை வெளியிடுமாறும் பணித்தது. மேன்முறையீடு நடந்துகொண்டிருக்கையில், வழக்கில் முன்னின்ற பெருநிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பணம் பெற்றுச் சமரசமாகி விலகின. விலகாது நின்றவற்றுள் சம்பா குழுவும் ஐரோப்பியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையும் அடங்கும். 2007 செப்டெம்பர் 17ஆம் நாள் நீதிமன்றம் ஆணைக்குழுவின் தீர்ப்பை உறுதிசெய்தது. அவ்வாண்டு டிசெம்பரிலே ஒருமுறை மட்டும் 10,000 யூரோ செலுத்தி இலக்கண ஆவணங்களைப் பெற்றுக்கொள்ளும் உடன்படிக்கை எழுதப்பட்டது. முதலாளிகளின் போட்டி முதலாளியத்தின் கேட்டை ஒழித்துவிடும் என்று போதிப்போர் இந்த ஒரு வழக்கையாவது முழுமையாகப் படித்தல் வேண்டும்.

எனினும் சம்பாவைப் புகழ்ந்து மாத்திரம் ஒதுங்குதல் விமர்சனமாகாது. இவ்வெழுத்தாளர்க்குச் சோறிடுவோர் யார்? பெரும்பாலும் நிறுவனங்களே. 2006இல் நொவெல் நிறுவனம் மைக்ரோசொப்டுடன் காப்புரிமை உடன்படிக்கை செய்தபோது அலிசன் அங்கிருந்து விலகினார். நெஞ்சுரம் மிக்க செயல். ஆனால் விலகிச் சென்ற இடம் கூகுள். வேலையை விடும் சுதந்திரம் அவருக்கு இருந்தது. வேலை கொடுப்போனின்றி வாழும் சுதந்திரம் இருக்கவில்லை. கடைகளில் விற்கப்படும் வலையமைப்புச் சேமிப்புப் பெட்டிகளுள் பலவற்றின் உள்ளே இயங்குவது சம்பாவே என்பதை வாங்குவோர் அறியார். உரிமப் பத்திரத்தின் மூன்றாம் பதிப்பை 2007இல் சம்பா குழு ஏற்றது. 2011இல் அப்பிள் நிறுவனம் தனது கணினிகளிலிருந்து சம்பாவை நீக்கித் தானே ஒன்று எழுதிக்கொண்டது. பிழைகளும் இல்லாமலில்லை. 2017 மே மாதம் விண்டோஸின் எஸ்.எம்.பி. ஓட்டை வழியே 'வன்னாகிரை' என்னும் தீநிரல் உலகெங்கும் மருத்துவமனைகளையும் அலுவலகங்களையும் முடக்கிற்று. அதே மாதத்தில் சம்பாவிலும் பல ஆண்டுகள் எவர் கண்ணுக்கும் படாதிருந்த பாரதூரமான ஓட்டையொன்று வெளிப்பட்டது. மூலநிரல் திறந்திருப்பதால் மட்டும் அதனை எவரும் வாசித்துவிடுவதில்லை. வாசிப்பதும் உழைப்பு, உழைப்புக்குக் கூலி வேண்டும். 2024இல் ஜேர்மன் அரசின் நிதியமொன்று ஆறு இலட்சம் யூரோவுக்கு மேல் சம்பாவின் வளர்ச்சிக்கு ஒதுக்கியமை இவ்வுண்மையைக் காலந்தாழ்த்தியேனும் ஒப்புக்கொண்டதாகும்.

முதல்நூல் ஒன்று எமது நாட்டிலேயே எழுந்ததுண்டு. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி நாவலடி, கல்லடி முதலாம் எமது கரைகளை அழித்த சில நாள்களுக்குள், லங்கா மென்பொருள் அறக்கட்டளையின் முயற்சியால் தன்னார்வலர் கூடி எழுதிய 'சகானா' அனர்த்த முகாமைத்துவ மென்பொருளே அது. காணாமற் போனோர் பதிவு, முகாம்களின் பதிவு, நிவாரணப் பங்கீடு என அதன் உறுப்புகள் யாவும் இம்மண்ணின் துன்பத்திலிருந்து பிறந்தவை. பின்னர் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகநலப் பரிசையும் பெற்றது. பிறர் மொழியை ஒட்டுக்கேட்டு எழுதப்பட்டதன்று சகானா. தன் மக்களின் தேவையைக் கேட்டு எழுதப்பட்டது. எமது பாடநூல்கள் இதற்கு உரிய இடத்தை அளித்தல் வேண்டும்.

பெயர்ப்பதிவேடு என்பது வந்தாறுமூலையில் வெறும் தொழில்நுட்பச் சொல்லன்று. 1990 செப்டெம்பர் 5ஆம் நாள், இங்குள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்களுள் 158 பேர் இராணுவத்தினரால் அழைத்துச் செல்லப்பட்டனர், அவர்கள் மீளவில்லை. அவர்தம் பெயர்ப்பட்டியலை இன்றுவரை ஏந்தி நிற்போர் அவர்களது தாய்மாரும் மனைவியருமே. பட்டியலை எழுதுவோன் யார், வைத்திருப்போன் யார், எவன் அதனைத் திறக்கலாம், எவனால் அழிக்க முடியும் என்னும் கேள்விகளை வேறெவரினும் முன்னதாக நாம் கேட்க வேண்டியவர்கள். ஆயினும் மாணவரின் பெயரும் பிறந்த நாளும் புள்ளியும் தொலைதேசத்து நிறுவனங்களின் கணினிகளில் சென்று தங்குவதை 'இலவசம்' என்று எண்ணி நாம் மகிழ்கிறோம். பழைய கணினி ஒன்றும் லினக்சும் சம்பாவும் இருப்பின், ஒரு பாடசாலை தன் பதிவேட்டைத் தன் கூரையின் கீழேயே வைத்துக்கொள்ளலாம். பென்ட்ரைவ் வழியே அறைக்கு அறை வைரசு காவித் திரியும் நிலையும் பெரிதும் குறையும்.

மொழியும் ஒரு தடையே. 2003இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பு தொட்டு யுனிகோட் எழுத்துகளைச் சம்பா ஏற்கிறது. கோப்புகளுக்குத் தமிழிலேயே பெயரிடலாம். ஆனால் எமது ஆசிரியர் பலர் இன்றும் வினாத்தாள்களைப் பாமினி எழுத்துருவில் அமைத்து, கோப்புக்கு ஆங்கிலப் பெயர் சூட்டுகின்றனர். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அத்தாள் பொருளற்ற உரோம எழுத்துகளாகக் கொட்டிக் கிடக்கும். கலைச்சொற்களின் நிலை இன்னும் பரிதாபம். பதிவேட்டைக் காத்து வாயிலில் நிற்கும் கணினியை 'ஆள்களக் கட்டுப்படுத்தி' என்று மொழிபெயர்த்துள்ளனர். உயர்தர மாணவருக்கு அச்சொல் யாதொரு படத்தையும் தருவதில்லை. எமது கோயில்களிலே கணக்கையும் உடைமைகளையும் பொறுப்பேற்று, எந்தக் குடிக்கு எத்திருவிழா உரித்து என்பதை அறிந்து வைத்திருக்கும் வண்ணக்கரை அவர்கள் அறிவர். இக்கணினி ஒரு வண்ணக்கர் என்று சொல்லிப் பாருங்கள், அவர்கள் உடனே விளங்கிக்கொள்வர். அதற்கு மேலும் ஒன்று கேட்பர்: இந்த வண்ணக்கரைத் தெரிவுசெய்யும் குடிகள் எவர்?