சொல்லும் பந்தியும்: தமிழ்க் கிறித்தவ மரபில் கருத்து வேறுபாட்டின் எல்லை

ஆய்வுச்சுருக்கம்

ஒரே நம்பிக்கையை உடையோர் கருத்தால் வேறுபட்டும் ஒன்றாக வாழ்தல் எந்த எல்லை வரை இயலும் என்னும் வினாவைத் தமிழ்க் கிறித்தவ வரலாற்றின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. விவிலிய மொழிபெயர்ப்பு, கீர்த்தனை, திருச்சபை ஆட்சிமுறை ஆகியன பற்றிய வேறுபாடுகளும், திருவிருந்திலும் ஆலய இருக்கையிலும் கடைப்பிடிக்கப்பட்ட சாதி வேறுபாடும் ஒரே வகைப்பட்டவை அல்ல. முன்னவற்றோடு சேர்ந்து வாழலாம்; பின்னது சேர்ந்து வாழ்தலையே மறுப்பது. 19ஆம் நூற்றாண்டின் தஞ்சைப் பூசலில் இவ்விரண்டும் ஒன்றாகப் பிணைக்கப்பட்டமை இரண்டைப் பற்றிய மதிப்பீட்டையும் பிழைபடுத்தியது என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: தமிழ்க் கிறித்தவம், வேதநாயக சாஸ்திரியார், இரேனியஸ், விவிலிய மொழிபெயர்ப்பு, சாதி, தென்னிந்தியத் திருச்சபை.

முன்னுரை

கிறித்தவ இறையியல் திருச்சபையை ஒரே உடலாக உருவகிக்கிறது. திருச்சபையின் வரலாறோ பிரிவுகளின் வரலாறாகவே பெரிதும் அமைந்துள்ளது. தமிழகமும் இதற்கு விலக்கன்று. வீரமாமுனிவர் வேதவிளக்கம், பேதகமறுத்தல் ஆகிய உரைநடை நூல்களை எழுதியது தரங்கம்பாடி லூத்தரன் மறைப்பணியாளரை மறுப்பதற்கே. கிறித்தவத் தமிழ் உரைநடையின் வளர்ச்சியில் சமயத்துக்குள் நிகழ்ந்த கருத்துப் போருக்குக் கணிசமான பங்குண்டு.

இப்போர்களைப் பேசும் ஆய்வுகள் 'கருத்து வேறுபாடு' என்னும் தொடரைப் பொதுப்படையாகவே கையாளுகின்றன. கடவுளைக் குறிக்க எச்சொல் தகும் என்பதும் கருத்து வேறுபாடு. தாழ்த்தப்பட்டோருடன் ஒரே பாயில் அமர்ந்து திருவிருந்து கொள்ளலாமா என்பதும் கருத்து வேறுபாடு. இரண்டுக்கும் ஒரே பெயர் இடப்பட்டதும், இரண்டுக்கும் ஒரே மருந்து, அதாவது பொறுமை, பரிந்துரைக்கப்படுகிறது. இப்பொதுமைப்படுத்தலே இக்கட்டுரையின் விமர்சனத்துக்கு உரியது.

உரோமையும் அந்தியோக்கியாவும்

கிறித்தவ மரபுக்குள்ளேயே இவ்விருவகை வேறுபாட்டையும் பிரித்தறியும் அளவுகோல் உண்டு. பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 14ஆம் இயல் உணவையும் நாளையும் பற்றிய வேறுபாடுகளைப் பேசுகிறது. ஒருவர் எல்லாவற்றையும் உண்கிறார்; மற்றவர் மரக்கறி மட்டும் உண்கிறார். ஒருவர் ஒரு நாளைச் சிறப்பாகக் கருதுகிறார். மற்றவர் எல்லா நாளையும் ஒப்பக் கருதுகிறார். இவ்விடத்தில் பவுல் எந்தத் தரப்பையும் மாறச் சொல்லவில்லை. உண்பவர் உண்ணாதவரை இகழலாகாது. உண்ணாதவர் உண்பவருக்குத் தீர்ப்பிடலாகாது. வலிமையுடையவர் மற்றவர் பொருட்டுத் தம் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதே அவ்வியலின் சாரம்.

கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தின் 2ஆம் இயலில் அதே பவுலின் குரல் வேறாக ஒலிக்கிறது. அந்தியோக்கியாவில் பிற இனத்தாரோடு அமர்ந்து உண்டுவந்த பேதுரு, யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் அஞ்சிப் பந்தியிலிருந்து விலகிக்கொள்கிறார். பவுல் அதைப் பொறுத்துக்கொள்ளவில்லை. திருச்சபையின் முதன்மைத் தலைவராக மதிக்கப்பட்டவரை எல்லார் முன்னிலையிலும் எதிர்த்து நிற்கிறார்.

இரு நிகழ்வும் உணவு சார்ந்தவை என்பது கருதத்தக்கது. முதலாவதில் வேறுபடுவது உண்ணப்படும் பொருள். இரண்டாவதில் மறுக்கப்படுவது உடன் உண்ணும் மனிதர். உரோமையரிடம் பவுல் காட்டிய பொறுமைக்கு ஓர் அடிப்படை உண்டு: உண்பவரும் உண்ணாதவரும் ஒரே சபையில் இருக்கிறார்கள். அவ்வடிப்படையையே குலைக்கும் செயலுக்கு அந்தியோக்கியாவில் அவர் பொறுமை காட்டவில்லை. எனவே இவ்விரு இயல்களும் ஒன்றுக்கொன்று முரண்படவில்லை. முதலாவதன் எல்லையை இரண்டாவது வரையறுக்கிறது.

கடவுளுக்கு ஒரு சொல்

தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பு வரலாறு உரோமை வகைப்பட்ட வேறுபாட்டுக்குச் சிறந்த சான்று. 1715இல் தரங்கம்பாடியில் அச்சான சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு 'சருவேசுரன்' என்னும் சொல்லை ஆண்டது. இச்சொல் தத்துவ போதகர் வழிக் கத்தோலிக்கத் தமிழில் முன்பே வேரூன்றியிருந்தது. பப்ரிசியஸ் 'பராபரன்' என்பதைக் கொண்டார். 1871இல் வெளிவந்த பவர் குழுவினரின் மொழிபெயர்ப்பு 'தேவன்' என்பதை நிலைபெறச் செய்தது. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் இணைந்து 1995இல் வெளியிட்ட திருவிவிலியம் 'கடவுள்' என்கிறது.

இச்சொற்களுள் எதுவும் குறையற்றதன்று. 'சருவேசுரன்' என்பதில் 'ஈசுவரன்' ஒலிக்கிறது. சைவச் சாயல் தவிர்க்க முடியாதது. 'பராபரன்' உயர்வு சுட்டும் சொல். ஆயினும் தாயுமானவர் வழியினருக்கு அது முன்பே சொந்தமானது. 'தேவன்' எளிது, ஆனால் தேவர் பலருள் ஒருவன் என்னும் பொருளுக்கும் இடந்தருவது. 'கடவுள்' தூய தமிழ்ச்சொல். எல்லாச் சமயத்துக்கும் பொதுவானது என்பதே அதன் வலிமையும் வரம்பும் ஆகும். எச்சொல்லைத் தெரிந்தாலும் ஒன்றைப் பெற ஒன்றை இழக்க வேண்டியிருந்தது. ஆகவே இவ்வேறுபாட்டில் ஒரு தரப்பு முழு உண்மையையும் மறு தரப்பு முழுப் பிழையையும் கொண்டிருந்தது எனக் கூற இயலாது.

நடைமுறையும் இதற்கு இயைய அமைந்தது. பவர் மொழிபெயர்ப்பு பரவிய பின்னரும் லூத்தரன் சபைகள் பப்ரிசியஸின் விவிலியத்தை 20ஆம் நூற்றாண்டிலும் போற்றிவந்தன. ஒரே ஊரில் ஒரு சபை பராபரனையும் மறு சபை தேவனையும் வணங்கினும் இருவரும் வணங்கியது ஒருவரையே என்பதில் எவருக்கும் ஐயமில்லை. மொழிபெயர்ப்புச் சொற்கள் சீர்திருத்தக் கிறித்தவரின் அடையாள உருவாக்கத்தில் பெற்ற இடத்தை ஹெப்சிபா இஸ்ரேல் விரிவாக ஆராய்ந்துள்ளார். அடையாளமாக மாறிய பின்னும் இச்சொற்கள் சேர்ந்து வாழ்தலுக்குத் தடையாகவில்லை என்பதையும் அதனுடன் சேர்த்து நோக்க வேண்டும்.

தஞ்சைப் பூசல்

இப்பிரிப்பு குலைந்த இடம் 1820களின் தஞ்சை. வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) சுவார்ட்சு ஐயரிடம் வளர்ந்தவர். பெத்லகேம் குறவஞ்சியின் ஆசிரியர். சரபோசி மன்னரின் ஆதரவைப் பெற்ற புலவர். அவர் காலத்துப் புதிய தலைமுறை மறைப்பணியாளர் பழைய மொழிபெயர்ப்பைத் திருத்தவும், வழிபாட்டிலும் விழாவிலும் இருந்த தமிழ் வழக்கங்களைக் குறைக்கவும், ஆலயத்தில் சாதிவாரி இருக்கையை ஒழிக்கவும் முற்பட்டனர். வேளாளக் கிறித்தவரின் சார்பாக நின்ற சாஸ்திரியார் இவை அனைத்தையும் எதிர்த்து எழுதினார். விவிலியத்தைத் திருத்துதலும், கீர்த்தனையையும் பூமாலையையும் விலக்குதலும், சாதிகளை ஒன்றாக அமர்த்துதலும் அவர் பார்வையில் ஒரே கொடுமையின் பல முகங்கள்.

இப்பூசலை டென்னிஸ் ஹட்சன் உள்ளிட்டோர் ஆழமாக ஆராய்ந்துள்ளனர். பொதுவாகச் சாஸ்திரியாரை மதிப்பிடுவோர் இரு வழிகளில் ஒன்றைத் தெரிகின்றனர். ஒருசாரார் அவரை அயலாட்சியை எதிர்த்த தமிழ்க் குரலாகப் போற்றுகின்றனர். மறுசாரார் சாதி காத்தவராக ஒதுக்குகின்றனர். இரு மதிப்பீடும் அவர் கட்டிய பொதியைப் பிரிக்காமலே ஏற்றுக்கொள்கின்றன.

அப்பொதி அவர் மட்டும் கட்டியதன்று என்பதையும் காண வேண்டும். பப்ரிசியஸின் மொழிபெயர்ப்பைத் திருத்திய இரேனியஸே, தம் மாணவர் சாதி பாராது ஒன்றாக அமர்ந்து உண்ண வேண்டும் என வற்புறுத்தியவர். சொல்லை மாற்றிய கையும் பந்தியை மாற்றிய கையும் ஒன்றாக இருந்தமையால், எதிர்த்தோருக்கு இரண்டும் ஒரே தாக்குதலாகத் தோன்றின. மறைப்பணியாளர் பலருக்கும் கீர்த்தனையும் மாலையும் சாதியும் ஒருங்கே களைய வேண்டிய பழவழக்கங்களாகத் தோன்றின.

இப்பிணைப்பால் இரு தீமைகள் விளைந்தன. சாதி இருக்கை, தமிழ் மொழிக்கும் இசைக்கும் உரிய நியாயத்தைக் கடன் வாங்கிக்கொண்டு 'எங்கள் வழக்கம்' என நின்றது. கீர்த்தனையை விலக்கும் அயல்மனப்பான்மை, சமத்துவத்துக்கு உரிய நியாயத்தைக் கடன் வாங்கிக்கொண்டு 'சீர்திருத்தம்' என நின்றது.

பின்வந்த வரலாறு இவ்விரண்டையும் பிரித்துக் காட்டியது. தஞ்சையில் பூசலுக்கு உள்ளான கீர்த்தனைகளை, அமெரிக்க மறைப்பணியாளர் எட்வர்டு வெப் 1853இல் வழிபாட்டுக்குரிய நூலாகத் தொகுத்து வெளியிட்டார். இன்று சாஸ்திரியாரின் பாடல் ஒலிக்காத தமிழ்ச் சீர்திருத்தச் சபை அரிது. கீர்த்தனை பற்றிய அவர் கருத்தை மரபு ஏற்றுக்கொண்டது. அதனால் எவரும் சபையை விட்டு வெளியேற வேண்டியிருக்கவில்லை. சாதியைப் பற்றிய அவர் நிலைப்பாட்டுக்கு அவ்வாறு நேரவில்லை. 1833இல் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன் திருச்சபைக்குள் சாதி வேறுபாடு முற்றாக ஒழிய வேண்டும் என ஆணையிட்டபோது தஞ்சை, வேப்பேரி முதலிய இடங்களில் சாதிக் கிறித்தவர் பலர் சபையை விட்டே விலகினர். சேர்ந்து அமர்வதைவிடப் பிரிந்து போவதைத் தெரிந்தவர்களின் நிலைப்பாட்டை, சேர்ந்து வாழ்வோரிடையே நிலவும் கருத்து வேறுபாடு எனல் பொருந்தாது.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. சைவ மரபினரான மன்னரின் ஆதரவில் வாழ்ந்த சாஸ்திரியார், சமய வேறுபாட்டோடு வாழக் கற்றவர். தம் நம்பிக்கையையே உடைய, தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த ஒருவரோடு சமமாக அமர்தலே அவருக்கு அரிதாயிற்று. ஆகவே அவரிடம் இல்லாதது சகிப்பு என்னும் பண்பு அன்று. கருத்தில் வேறுபடுபவரைப் பொறுப்பது ஒரு பண்பு. பிறப்பில் வேறுபடுபவரைச் சமமாக ஏற்பது மற்றொரு பண்பு. முன்னது நிறைந்த இடத்தில் பின்னது இல்லாமற்போகலாம் என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

இப்பூசலில் நமக்குக் கிடைக்கும் குரல்கள் பெரும்பாலும் ஐரோப்பியருடையவையும் வேளாளருடையவையும் ஆகும். பின்னிருக்கையில் அமர்த்தப்பட்டோர் என்ன கருதினர் என்பது அவ்வாவணங்களில் அரிதாகவே பதிவாகியுள்ளது. 'கருத்து வேறுபாடு' என்னும் சட்டகத்தின் குறை இங்கு வெளிப்படுகிறது. கருத்துரைக்க இடம் பெற்றோர் இருவருக்கிடையே பூசல் நிகழ்ந்ததாக அது காட்டுகிறது. பாதிக்கப்பட்ட மூன்றாமவரை மறைக்கிறது.

இரு ஏற்பாடுகள்

வேறுபாடு உடையோரை ஒரே கூரையின்கீழ் வைத்திருக்கத் தமிழகத் திருச்சபைகள் வகுத்த இரு ஏற்பாடுகளை ஒப்பிடுவது மேற்கண்ட வாதத்தைத் தெளிவாக்கும்.

முதலாவது, நெல்லைப் பகுதியின் வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயம். வேளாளரும் நாடாரும் ஒன்றாக அமர மறுத்த சூழலில், 1870களில் அவ்வாலயம் இரு கிளைகளாகக் கட்டப்பட்டது. இரண்டும் பீடத்தில் சந்தித்தன. இரு சாரும் பீடத்தைக் காணலாம். ஒருவரையொருவர் காண இயலாது. காற்சட்டைக் கோவில் என்று ஊரார் வழங்கிய பெயர் அதன் வடிவத்தை உணர்த்தும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடைச்சுவர் இடிக்கப்பட்டபோது எதிர்ப்பு எழுந்து வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. சாதிவாரி இடவுரிமைக் கோரிக்கை அங்கு ஏற்கப்படவில்லை.

இரண்டாவது, தென்னிந்தியத் திருச்சபை. இதன் பின்னணியிலும் இரேனியஸ் நிற்கிறார். பேராயரின் கைவைப்பின்றிக் குருக்களை ஏற்படுத்தலாமா என்னும் ஆட்சிமுறைச் சிக்கலில் ஆங்கிலிக்கன் சங்கத்தோடு முரண்பட்டு 1835இல் அவர் பணியிலிருந்து நீக்கப்பட்டார். திருநெல்வேலிச் சபைகள் பிளவுண்டன. அதே சிக்கலைத் தீர்க்கும் முயற்சி 1919இல் தரங்கம்பாடியில் தொடங்கியது, வே. ச. அசரியா அதன் முன்னணியில் நின்றார். 28 ஆண்டுகள் நீண்ட உரையாடலின் முடிவில், 1947 செப்டம்பர் 27 அன்று சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, தென்னிந்திய ஐக்கிய சபை ஆகியன இணைந்தன. பேராயரால் திருநிலைப்படுத்தப்படாத குருக்களும் அவ்வாறே ஏற்கப்பட்டனர். எந்தச் சபையின் மீதும் அதன் மரபுக்கு ஒவ்வாத குருத்துவம் திணிக்கப்படாது என உறுதி கூறப்பட்டது. குழந்தைத் திருமுழுக்கு, வயதுவந்தோர் திருமுழுக்கு இரண்டுக்கும் இடமளிக்கப்பட்டது.

இரண்டும் விட்டுக்கொடுப்புகளே, இரண்டும் அமைதியை நாடியவையே. ஆயினும் 1947இன் ஏற்பாடு, வேறுபட்டோர் ஒரே பந்தியில் அமரும் பொருட்டு வேறுபாட்டைப் பொறுத்துக்கொண்டது. வடக்கன்குளத்தின் ஏற்பாடு, ஒரே பந்தியில் அமராமல் இருக்கும் பொருட்டு ஒரே கூரையைப் பொறுத்துக்கொண்டது. முன்னது உரோமையருக்குக் கூறிய அறிவுரையின் வழிப்பட்டது; பின்னது அந்தியோக்கியாவில் பேதுரு செய்த விலகலுக்குச் சுவர் எழுப்பியது.

1947இன் இணைப்பு சாதியை ஒழித்துவிட்டதா என்னும் வினா இங்கு நியாயமாகவே எழும். ஒழிக்கவில்லை. மறைமாவட்டத் தேர்தல்களில் சாதியின் செல்வாக்கும், சில ஊர்களில் நீடிக்கும் தனித்தனிக் கல்லறைத் தோட்டங்களும் அதற்குச் சான்று. ஆட்சிமுறை வேறுபாட்டைத் தீர்க்க 28 ஆண்டுகள் விவாதித்த மரபு, பந்தி வேறுபாட்டுக்கு அத்தகைய விரிவான உரையாடலை அமைக்கவில்லை என்பதே அந்த இணைப்பின் மீது வைக்கத்தக்க கடுமையான விமர்சனம்.

முடிவுரை

கிறித்தவ நம்பிக்கை வேறுபாடற்ற ஒருமையைக் கோருவதன்று. சொல்லிலும் இசையிலும் ஆட்சிமுறையிலும் வேறுபட்டோர் சேர்ந்து வாழ முடியும் என்பதைத் தமிழ்க் கிறித்தவ மரபு தன் வரலாற்றால் மெய்ப்பித்துள்ளது. அப்பொறுமை சாதிக்கும் நீட்டப்பட்டபோது, எவர் சேர்ந்து வாழ விரும்பினரோ அவரே அதன் விலையைச் செலுத்த நேர்ந்தது.

ஆய்வாளருக்கும் இதில் ஒரு கடமை உண்டு. ஒரு பூசலைக் கருத்து வேறுபாடு எனப் பெயரிடுமுன், அதில் மறுக்கப்படுவது ஒரு கருத்தா, ஒரு மனிதரின் இருக்கையா என்று கேட்க வேண்டும். சாஸ்திரியாரின் கீர்த்தனையைப் போற்றுவதும் அவர் காத்த இருக்கை முறையை மறுப்பதும் ஒரே ஆய்வாளரால் ஒரே நேர்மையோடு செய்யக்கூடியவை. தஞ்சைப் பூசலின் ஆவணங்களில் குரல் பதிவாகாதோரின் நினைவுகளை ஊர் வழக்காறுகளிலும் சபைப் பதிவேடுகளிலும் தேடும் ஆய்வு இனி மேற்கொள்ளப்பட வேண்டும்.