மங்கலமும் குழூஉக்குறியும்: இளையோர்க்கான தீயுலகப் புனைவு

டிஸ்டோப்பியா எனப்படும் தீயுலகப் புனைகதைகள் பதின்ம வயதினரைப் பெரிதும் ஈர்ப்பதற்கு அப்பருவத்திற்குரிய கலக மனமே காரணம் என்பர். அக்கூற்றில் உண்மை உண்டு. ஆயினும் கலகம் இளையோர் கதைகள் பலவற்றிற்கும் பொதுவானது. இவ்வகைப் புனைவிற்கே உரிய ஈர்ப்பை அது விளக்குவதில்லை. அமெரிக்க எழுத்தாளர் லோயிஸ் லௌரி 1993இல் வெளியிட்டு, 1994இல் நியூபெரி பதக்கம் பெற்ற ‘தி கிவர்’ என்னும் புதினம் வேறொரு காரணத்தைச் சுட்டுகிறது. அது மொழி சார்ந்தது.

ஜோனஸ் என்னும் சிறுவன் வாழும் சமுதாயத்தில் பசியில்லை, போரில்லை, நிறங்களும் இல்லை. சிறுவர் பன்னிரண்டாம் அகவையினராகும் விழாவில் அவரவர்க்குரிய தொழிலை மூத்தோர் குழு அறிவிக்கிறது. அங்கு முதியோரும், குற்றம் மிகுந்தோரும், வளர்ச்சி குன்றிய குழந்தைகளும் ‘விடுவிக்கப்படுகின்றனர்’. விளையாட்டில் பந்தைத் தவறவிட்ட தோழனிடம் இச்சொல்லைக் கூறிய சிறுவன் கண்டிக்கப்படுகிறான். சொல்லின் பொருள் யாது என்பதை மட்டும் எவரும் உரைப்பதில்லை.

நன்னூலார் தகுதி வழக்கை மங்கலம், இடக்கரடக்கல், குழூஉக்குறி என மூன்றாகப் பகுப்பார். செத்தாரைத் துஞ்சினார் என்பது மங்கலம். அதில் கூறுவோரும் கேட்போரும் மறைபொருளை அறிவர். அறிந்தே மென்மையை நாடுகின்றனர். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது குழூஉக்குறி. குழுவிற்குப் புறத்தோர் அதனை அறியார். ‘விடுவித்தல்’ மங்கலத்தின் உருவில் உலவும் குழூஉக்குறி என்பதே லௌரி படைத்த உலகின் கொடுமை. எடை குறைந்த இரட்டைக் குழந்தைக்குத் தன் தந்தையே ஊசி செலுத்திக் கொல்வதை ஜோனஸ் பதிவுக்காட்சியில் காணும்போது அச்சொல் உடைகிறது. கூர்ந்து வாசிக்கும் சிறுவர் அதனை முன்பே ஐயுற்றிருப்பர். பெரியோர் சொல்லுக்கு அடியில் பிறிதொரு பொருள் இருப்பதைத் தாமே கண்டுபிடிக்கும் அந்த முதல் நடுக்கமே இவ்வகைப் புனைவின் ஈர்ப்பு எனலாம்.

தன்மீது அன்பு உண்டா என ஜோனஸ் பெற்றோரை வினவும் இடம் இதனினும் நுட்பமானது. அன்பு என்பது பொருளற்ற பழஞ்சொல். துல்லியமாகப் பேசு என்பதே அவன் பெறும் விடை. கொலைக்குப் பூசிய சொல்லைத் திருத்தாத துல்லியம் அன்பைத் திருத்துகிறது!

சிசுக்கொலை, தற்கொலை ஆகியவை இடம்பெறுவது கருதி அமெரிக்கப் பள்ளிகளிலும் நூலகங்களிலும் இந்நூலுக்கு எதிர்ப்பு எழுந்தது. மறைத்தலின் தீமையைப் பேசும் நூலையே மறைக்க முனைந்தமை ஈண்டு நோக்கத்தக்கது.

சூசன் காலின்ஸின் ‘தி ஹங்கர் கேம்ஸ்’ (2008) எதிர்வழியில் செல்கிறது. அங்கு எதுவும் மறைக்கப்படுவதில்லை. 12 முதல் 18 அகவை வரையிலான சிறாரின் கொலைப்போட்டி தொலைக்காட்சியிலேயே காட்டப்படுகிறது. ஆண்டுதோறும் குலுக்கலில் ஒவ்வொருவர் பெயரும் ஒருமுறை கூடுதலாகச் சேரும். தானியமும் எண்ணெயும் வேண்டும் வறியோர், குடும்பத்தில் தலைக்கு ஒன்றாகப் பெயரை மேலும் இடலாம். ஐந்தாண்டுகள் மூவர்க்காகப் பெயரிட்ட காட்னிஸுக்கு 5உம் 15உமாக 20 சீட்டுகள். அவள் தோழன் கேலுக்கு 42. வறுமை உயிருக்கு வைக்கும் விலையைப் பதினான்கு வயது வாசகரும் விரல்விட்டு எண்ணிவிடுவர். அறவுரை எதுவும் இத்துணைத் தெளிவாக அதனைக் கூறிவிடாது. ஆயின், அடுத்து மடிபவர் யார் என அறியப் பக்கம் புரட்டும் வாசகரும் அப்போட்டியின் பார்வையாளராகிவிடுகின்றனர். காலின்ஸ் இதனை முழுமையாக எதிர்கொண்டார் எனல் அரிது.

2014இல் வெளிவந்த ‘தி கிவர்’ திரைப்படம் ஜோனஸை வளர்ந்த இளைஞனாக்கிக் காதலையும் சேர்த்தது. சொற்களை நம்பும் சிறுவனின் வெள்ளையுள்ளம் அதனால் மறைந்தது. கதையின் அச்சாணியும் உடன் கழன்றது.

பனியில் சறுக்கிச் செல்லும் ஜோனஸும் குழந்தை கேப்ரியலும் பிழைத்தனரா, மடிந்தனரா என்பதை முதல் நூல் கூறாது விடுகிறது. ‘மெசஞ்சர்’ (2004), ‘சன்’ (2012) ஆகிய தொடர்நூல்கள் அவர்கள் வாழ்வதைக் காட்டிவிட்டன. சொல்லாதுவிட்ட பொருளை வாசகரே தேடுமாறு பயிற்றிய ஆசிரியர், இறுதியில் அத்தேடலைத் தம் கையாலேயே முடித்துவைத்துள்ளார்.