நிரல் எழுதும் நிரல்: இரண்டு மரபுகள்

நிரலைக் கொண்டே நிரலை எழுதவைக்கும் கலை பழையது. 1963-லேயே எம்.ஐ.டி.யில் டிமத்தி ஹார்ட், லிஸ்ப் மொழிக்கு மேக்ரோக்களைச் சேர்க்கும் யோசனையை எழுதிவைத்தார். இன்று அது இரண்டு மரபாக நிற்கிறது. கம்பைலர் ஓடும்போதே வேலையை முடித்துக்கொள்வது ஒன்று. நிரல் ஓடத் தொடங்கியபின் தன்னைத்தானே ஆராய்ந்து வேண்டியதைச் செய்துகொள்வது மற்றொன்று. எது வேகம் என்ற வழக்குதான் அதிகம் நடக்கிறது. பிழை முதலில் யார் கண்ணில் படும், எழுதியவர் கண்ணிலா, வாடிக்கையாளர் கண்ணிலா என்பதையே நான் முதலில் கேட்பேன்.

முதல் மரபின் புகழ்பெற்ற அரங்கேற்றம் 1994-ல் நடந்தது. எர்வின் உன்ரு, சி பிளஸ் பிளஸ் தரக்குழுவினரிடம் டெம்ப்ளேட்டுகளால் எழுதிய ஒரு நிரலைக் காட்டினார். அது கம்பைலே ஆகாது. ஆனால் கம்பைலர் கொட்டிய பிழைச் செய்திகளுக்குள் பகா எண்கள் வரிசையாக வந்து நின்றன! டெம்ப்ளேட்டின் ஆற்றல் தெரிந்தது; படிக்க முடியாத பிழைச் செய்தி என்னும் சாபமும் கூடவே வந்தது. பின்னாளில் சி பிளஸ் பிளஸுக்கு 2011-ல் வந்த கான்ஸ்ட்எக்ஸ்பர், ஸிக் மொழியின் காம்ப்டைம் எல்லாம் சாதாரண ஃபங்ஷனையே கம்பைலரிடம் ஓடவிட்டு அந்தச் சாபத்தைக் குறைத்தன. ரஸ்ட்டில் ஸ்ட்ரக்டின் தலைக்கு மேல் ஒரு டிரைவ் வரி போட்டால், ஜேசான் படிக்கும் நிரலை செர்டே நூலகம் எழுதித் தந்துவிடும். விலை, பில்டுக்குக் காத்திருப்பது.

இரண்டாவது மரபுக்கு ரூபியைப் பார்க்கலாம். இல்லாத மெத்தடைக் கூப்பிட்டால் அதைப் பிடித்துக்கொள்ள அங்கே மெத்தட் மிஸ்ஸிங் உண்டு. ரூபியில் எழுதப்பட்ட ரெயில்ஸில் ஃபைண்ட் பை ஈமெயில் என்று கூப்பிடலாம். அப்படியொரு மெத்தடை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். கூப்பிட்ட கணத்தில் ரெயில்ஸ் பெயரைப் பிரித்துப் பார்த்து, மெத்தடை உண்டாக்கி, ஓட்டுகிறது. ஈமெயிலில் ஓர் எழுத்துப் பிசகினால் அந்த வரி ஓடும்வரை தெரியாது. புதிதாக வந்தவர் கோப்புகளில் தேடினாலும் அந்த மெத்தட் கிடைக்காது. ஆனாலும் இதைச் சோம்பேறித்தனம் என்று தள்ள மாட்டேன். அட்டவணையின் பத்திகள் டேட்டாபேஸில் இருக்கின்றன. ஓடும்போது அதையே கேட்பதுதான் முறை.

ஆக, தகவல் எப்போது கைக்கு வருகிறது என்பதே தரம் பார்க்கும் முதல் அளவுகோல். பில்டுக்கு முன்பே தெரிந்ததை, ஓடும்போது தன்னை ஆராயும் ரிஃப்ளெக்ஷனிடம் விடுவது வீண். ஜாவாவில் டேகர் நூலகம் இதனால்தான் டிபென்டென்சி இணைப்பைக் கம்பைலர் பக்கம் நகர்த்தியது. பிளக்இன், பயனர் அமைக்கும் படிவம் போன்றவை ரிலீஸுக்குப் பிறகு வருபவை. அங்கே மேக்ரோ உதவாது. செர்டேயே ஆனாலும், வெளியிலிருந்து வரும் ஜேசானில் கட்டாயமான ஒரு புலம் விடுபட்டிருந்தால் ஓடும்போதுதான் சொல்லும்.

இரண்டாவது அளவுகோல், உருவான நிரலைத் திறந்து படிக்க முடிகிறதா என்பது. 2014-ல் கோ மொழிக்கு வந்த கோ ஜெனரேட் என்ற கட்டளையில் நயம் ஒன்றுமில்லை. ஆனால் உருவாவது சாதாரணக் கோப்பு, ரிவ்யூவுக்கு வைக்கலாம். நான் அதற்கே அதிக மதிப்பெண் போடுவேன்.

பைத்தானின் டேட்டாகிளாஸை எந்த மரபில் சேர்ப்பது? இனிட் மெத்தடை எழுத்துச்சரமாக எழுதி எக்ஸெக் செய்கிறது. அதனால் அது ரன்டைம்தான். ஆனால் டீஃபால்ட் உள்ள புலத்துக்குப் பின்னால் டீஃபால்ட் இல்லாததை வைத்தால், பொருள் ஒன்றும் உருவாகும் முன்பே, இம்போர்ட் செய்யும்போதே டைப்எரர் வந்துவிடுகிறது.