காவல் நிலையத்துக்குள் நுழைந்த இருள்

வாரம் ஒரு கொலை பார்ப்பவர்களை இளகிய மனசுக்காரர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். விஷம் வைக்கப்பட்டவர், கழுத்து நெரிக்கப்பட்டவர், சூட்கேஸில் அடைக்கப்பட்டவர் என்று இருபது வருஷம் சலிக்காமல் பார்த்த அதே ஜனம்தான், துப்பறிகிறவருக்கு ஒன்று ஆகிவிட்டால் கொதித்துப் போகிறது. டைட்டில் இசையை மாற்றினால்கூடச் சண்டைக்கு வருகிறது. நீண்ட காலம் ஓடிய குற்றத் தொடர் ஒன்று இனிமேல் இருளான கதைகளைச் சொல்லப்போவதாக அறிவிக்கும்போதெல்லாம் இந்த முரண் மேலே வருகிறது. பிரிட்டன், ஜெர்மனி, அமெரிக்கா, மும்பை என்று வெவ்வேறு இடங்களில் நடந்தவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ரசிகர்களுக்கு எது பொறுக்கவில்லை என்பது கொஞ்சம் துலங்கும்.

முன்னோடி வழக்கு ஷெர்லாக் ஹோம்ஸ். எல்லோருக்கும் தெரிந்த கதை என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1893 டிசம்பரில் ‘ஸ்ட்ராண்ட்’ பத்திரிகையில் ஆர்தர் கானன் டாயில் அவரை அருவியில் தள்ளிக் கொன்றார். இருபதாயிரம் பேர் சந்தாவை நிறுத்தினார்கள் என்று சொல்வது வழக்கம். லண்டன் இளைஞர்கள் துக்கத்துக்குக் கறுப்புப் பட்டி அணிந்து வேலைக்குப் போனார்கள் என்பதற்கு அந்தக் காலத்துச் சான்று தேறவில்லை. அது பிற்காலத்தில் சேர்த்த ஜோடனையாகத்தான் இருக்க வேண்டும். இரண்டு வருஷம் முன்பே டாயில் ஹோம்ஸைத் தீர்த்துக்கட்ட நினைத்தபோது தடுத்தது அவருடைய தாயார் என்பது மட்டும் உறுதி. அந்த வகையில் முதல் ரசிகர் போராட்டம் எழுத்தாளரின் வீட்டுக்குள்ளேயே நடந்திருக்கிறது.

இந்த விஷயத்தைப் படிப்பாளிகள் கவனிக்கத் தொடங்கியது வெகு தாமதமாக. அமெரிக்க ஆய்வாளர் ஹென்றி ஜென்கின்ஸ் 1992இல் வெளியிட்ட ‘டெக்ஸ்சுவல் போச்சர்ஸ்’ நூலில் ஒரு அத்தியாயம் முழுவதையும் ‘பியூட்டி அண்ட் த பீஸ்ட்’ தொடருக்குக் கொடுத்தார். நியூயார்க்கில் அரசு வழக்கறிஞராக வேலை பார்க்கும் காதரின், நகரத்துக்கு அடியில் சுரங்கங்களில் வாழும் வின்சென்ட் ஆகியோரின் காதலும் குற்ற விசாரணையும் பின்னிய தொடர் அது. மூன்றாவது சீசனில் காதரினைக் கொன்று, கதையைப் பழிவாங்கலாகவும் சண்டையாகவும் மாற்றினார்கள். ரசிகர்கள் இரண்டு பட்டார்கள். தொடரைக் கைவிட்டவர்களும் உண்டு, மூன்றாவது சீசன் நடக்கவே இல்லை என்று வைத்துக்கொண்டு தாங்களே கதை எழுதிக்கொண்டவர்களும் உண்டு. புகார் சொல்லும் ரசிகரை வெறும் கூச்சல்காரராகப் பார்க்காமல், கதை இலக்கணம் அறிந்த விமர்சகராக ஜென்கின்ஸ் பார்த்தார். நானும் அந்தக் கட்சிதான், சில விலக்குகளோடு.

‘தி பில்’ தொடரைத் தமிழ்நாட்டில் பார்த்தவர்கள் குறைவாகவே இருப்பார்கள். 1983இல் ‘வுட்டன்டாப்’ என்ற ஒற்றை நாடகமாக ஐடிவியில் வந்து, மறுவருஷம் தொடராகி, 2010 வரை 2,400 எபிசோடுகளுக்கு மேல் ஓடியது. கிழக்கு லண்டனில் சன் ஹில் என்ற கற்பனைக் காவல் நிலையம்தான் களம். ஆரம்ப காலத்தில் அதற்குக் கறாரான ஒரு விதி இருந்தது. கேமரா போலீஸ்காரர்களோடு மட்டுமே போகும். அவர்கள் இல்லாத இடத்தில் நடந்தது நேயருக்கும் தெரியாது. டியூட்டி முடிந்து அவர்கள் வீட்டுக்குப் போனால் கேமரா பின்னாலேயே போகாது. பின்னணி இசையும் கிட்டத்தட்டக் கிடையாது. பல வருஷங்கள் முடிவில் பெயர்கள் ஓடும்போது, ரோந்து போகும் இரு காவலர்களின் கால்கள் மட்டும் நடந்துகொண்டிருக்கும். அந்தக் கால்களைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போன தலைமுறை ஒன்று இங்கிலாந்தில் இருக்கிறது.

2002இல் பொறுப்புக்கு வந்த தயாரிப்பாளர் பால் மார்க்வெஸ் நிலையத்துக்கே தீ வைத்தார். ஒரே எபிசோடில் ஆறு போலீஸ் பாத்திரங்கள் காலி. அதன்பிறகு காதல், துரோகம், குடும்பச் சண்டை என்று அது பாதி மெகா சீரியலாக நடந்தது. பழைய நேயர்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் போகவில்லை. அடுத்து வந்தவர் அதில் பாதியைச் சரிசெய்தார். உண்மையான இருட்டு 2009 ஜூலையில் வந்தது. இரவு எட்டு மணிக்கு வந்துகொண்டிருந்த தொடர் ஒன்பது மணிக்குப் போனது. பிரிட்டனில் ஒன்பது மணி என்பது வெறும் கடிகாரக் கணக்கில்லை. அதற்கு முன் குழந்தைகளும் பார்ப்பார்கள் என்பதால் ரத்தத்துக்கும் வசவுக்கும் கட்டுப்பாடு உண்டு, பின்னால் தளர்ந்துவிடும். வாரம் இரண்டு எபிசோடு ஒன்றாகச் சுருங்கியது. படத்தின் தோற்றமே மாறியது. ‘ஓவர்கில்’ என்ற பழைய டைட்டில் இசை போனது. காட்சிக்குக் காட்சி பதற்றமூட்டும் பின்னணி இசை வந்து உட்கார்ந்தது.

அடுத்த மார்ச்சில் ஐடிவி தொடரை நிறுத்துவதாக அறிவித்தது. 2010 ஆகஸ்ட் 31 அன்று கடைசி எபிசோடு. இருள்தான் கொன்றது என்று சொன்னால் அது சோம்பேறித்தனம். விளம்பர வருமானம் சரிந்த வருஷங்கள் அவை. இரண்டு எபிசோடுக்குப் பணம் கொடுப்பதைவிட ஒன்றுக்குக் கொடுப்பது மலிவு என்ற கணக்கு அந்த மாற்றத்துக்குள் இருந்தது. ரசிகர்களுக்கு மூக்கில் பட்டதும் இதுதான் என்று நினைக்கிறேன். கொலைகள் கூடியதற்காக அவர்கள் வருந்தவில்லை. சன் ஹில்லின் தெருக்களிலிருந்து பிறக்காமல், சானலின் அலுவலக அறையிலிருந்து இறங்கி வந்த இருள் அது.

ஜெர்மனியில் கணக்கு வேறு மாதிரி. ‘டாட்டோர்ட்’ 1970 நவம்பர் 29 அன்று தொடங்கி இன்றுவரை ஞாயிறு இரவு 8.15க்கு வருகிறது. ஒவ்வொரு நகரத்துக்கும் தனித்தனித் துப்பறிவாளர்கள். பிராந்திய ஒளிபரப்பு நிறுவனங்கள் முறைவைத்துத் தயாரிக்கின்றன. இரண்டு கண்கள், குறி பார்க்கும் வட்டம், ஓடும் கால்கள், கிளவுஸ் டோல்டிங்கரின் இசை: இந்த டைட்டிலை ஐம்பது வருஷமாகப் பெரிதாக மாற்றவில்லை. நடிகர் டில் ஷ்வைகர் ஹாம்பர்க் துப்பறிவாளராக ஒப்பந்தமானதும் இந்த டைட்டில் பழசு, அசட்டுத்தனமானது என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். அவர் இன்னும் ஒருவரைக்கூடச் சுட்டிருக்கவில்லை.

ஆனால் ரசிகர்கள் தோற்ற வழக்கும் ஜெர்மனியில்தான் இருக்கிறது. 1981 ஜூனில் டூயிஸ்பர்க் நகரத்துத் துப்பறிவாளராக ஹோர்ஸ்ட் ஷிமான்ஸ்கி அறிமுகமானார். நடித்தவர் கெட்ஸ் கேயோர்க. அதுவரை டாட்டோர்ட் அதிகாரிகள் பெரும்பாலும் கோட்டும் டையும் போட்ட நிதானமான மனிதர்கள். இவரோ கசங்கிய ஜாக்கெட், குடி, கைகலப்பு, வாய் திறந்தால் கெட்ட வார்த்தை. உருக்காலைப் புகையும் வேலையின்மையும் படிந்த ஊரை அப்படியே காட்டினார்கள். நேயர்கள் கொந்தளித்தார்கள், தங்கள் ஊரை அழுக்காகக் காட்டுவதாக டூயிஸ்பர்க்காரர்களுக்குக் கோபம். பத்து வருஷத்தில் ஷிமான்ஸ்கி நாட்டின் செல்லப்பிள்ளை ஆனார். இப்போது அந்த நகரத்தில் அவர் பெயரில் ஒரு சந்தே இருக்கிறது. இங்கே இருள் ஊரிலிருந்தும் மனிதரிலிருந்தும் வந்தது. ரசிகருக்கு அதை அடையாளம் காணக் கொஞ்சம் காலம் பிடித்தது, அவ்வளவுதான். முதல் வாரத்துக் கோபத்தை எடைபோடும்போது நான் ஷிமான்ஸ்கியை நினைத்துக்கொள்வது வழக்கம்.

ஷ்வைகர் விஷயத்துக்குத் திரும்பினால், 2013இல் அவருடைய முதல் டாட்டோர்ட் படத்தை ஒரு கோடியே இருபத்தைந்து லட்சம் பேர் பார்த்தார்கள். 2016 புத்தாண்டில் வந்த அடுத்த கட்டத்தில் ராக்கெட் லாஞ்சர்கள், ரஷ்ய ஆட்கள், பழிவாங்கல். பார்ப்பவர்கள் ஒரு கோடிக்கும் கீழே போனார்கள். அதே தொடரில் 2014இல் வந்த ‘இம் ஷ்மெர்ட்ஸ் கெபோரன்’ நாற்பதுக்கும் மேற்பட்ட பிணங்களோடு, ஷேக்ஸ்பியர் நாடகமும் வெஸ்டர்ன் படமும் கலந்த ஒரு விபரீதம். விமர்சகர்கள் தலையில் தூக்கிவைத்துக்கொண்டார்கள், தொலைக்காட்சிக்கான கிரிம்மே விருதும் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை நேயர்களில் பலருக்கு ஆகவில்லை. எனக்குப் பிடித்த படம் அது. ஆனாலும், இப்படிப்பட்ட சோதனைப் படங்கள் வருஷத்துக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம் என்று 2017இல் தொடரை ஒளிபரப்பும் ஏஆர்டி வரம்பு வைத்தபோது, அதில் வியப்பு எதுவும் எனக்கில்லை.

அமெரிக்காவின் ‘கிரிமினல் மைண்ட்ஸ்’ தொடக்கத்திலிருந்தே இருட்டுதான். தொடர்கொலைகாரர்களின் மனத்தைப் படிக்கும் எஃப்பிஐ குழு. 2005 முதல் 2020 வரை சிபிஎஸ்ஸில் பதினைந்து சீசன். முதல் கதாநாயகன் மாண்டி பட்டின்கின் இந்தக் கொடூரம் தாங்காமல் விலகியதாகப் பிற்பாடு பேட்டியில் சொன்னார். அத்தனை ரத்தத்தையும் சகித்த ரசிகர்கள் 2010இல் எதற்குத் தெருவுக்கு வந்தார்கள் தெரியுமா? சானல் செலவைக் குறைக்க ஜேஜே, ப்ரென்டிஸ் என்ற இரு பெண் அதிகாரிகளைக் கழற்றிவிடப் பார்த்தது. மனுக்கள் பறந்தன, அடுத்த வருஷமே இருவரும் திரும்பினார்கள். குழுவைக் குடும்பமாகவும் அது பயணம் செய்யும் விமானத்தைத் திண்ணையாகவும் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்த இரு நாற்காலிகள் காலியானதுதான் வன்முறை.

2022 நவம்பரில் அது ‘எவல்யூஷன்’ என்ற பெயரோடு பாரமவுண்ட் பிளஸ் ஓடிடிக்குப் போனது. சானலின் கட்டுப்பாடு இல்லை என்பதால் எல்லோரும் கெட்ட வார்த்தை பேசினார்கள். வாரம் ஒரு வழக்கு என்பது பின்னுக்குப் போய், எலியாஸ் வாய்ட் என்ற கொலைகாரனும் அவன் கட்டிய வலைப்பின்னலும் சீசன் முழுக்க நீண்டன. பழைய அமைப்பில் எவ்வளவு கொடூரம் வந்தாலும் நாற்பத்து மூன்றாவது நிமிஷம் விமானத்தில் வீடு திரும்பும் காட்சி ஒன்று இருக்கும்; மூச்சு விடலாம். புதிய அமைப்பில் அந்த மூச்சு சீசன் முடியும்வரை கிடைக்காது. பிறகு வாய்ட் சிறையிலிருந்தே குழுவுக்கு உதவுகிறவனாக ஆனபோது, நடித்த ஸாக் கில்ஃபோர்டை ரசித்தவர்களும் இந்த ஆளை விட்டுத் தொலையுங்கள் என்றவர்களும் சரிக்குச் சரியாக மோதினார்கள். 2025இல் ஜேஜேயின் கணவன் வில் எந்த வில்லனும் கைவைக்காமல் உடம்பின் கோளாறால் திடீரென இறந்தான். நூற்றுக்கணக்கான பிணங்களைக் கடந்தவர்களுக்கு இந்த ஒரு சாவு ஆறவில்லை.

பிரிட்டனின் போலீஸ் தொடரான ‘லைன் ஆஃப் டூட்டி’யைத் தலைகீழ் உதாரணமாகச் சொல்லலாம். 2021 மே 2 அன்று ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பிரிட்டிஷார் காத்திருந்து பார்த்தபோது, வருஷக்கணக்கில் தேடிய சூத்திரதாரி திறமையில்லாத நடுத்தர அதிகாரி ஒருவர் என்று தெரிந்தது. ரசிகர்களுக்கு ஏமாற்றம், அவர்கள் இன்னும் பெரிய இருளை எதிர்பார்த்திருந்தார்கள். எழுதிய ஜெட் மெர்க்யூரியோவின் அரசியல் சரி, நாடகம் சப்பை என்பது என் கருத்து.

இனி மும்பை. பி.பி. சிங் உருவாக்கிய ‘சிஐடி’ 1998 ஜனவரி 21 முதல் 2018 அக்டோபர் வரை சோனியில் 1,547 எபிசோடு ஓடியது. சிவாஜி சாத்தமின் ஏசிபி பிரத்யுமன், ஆதித்ய ஸ்ரீவாஸ்தவாவின் அபிஜீத், கதவை உடைப்பதற்கென்றே பிறந்த தயானந்த் ஷெட்டியின் தயா. பிரத்யுமன் சொந்த மகனையே சுட நேர்ந்த கதைகூட அதில் உண்டு. ஆனாலும் வீட்டில் பாட்டியும் பேரனும் சேர்ந்து பார்க்கக்கூடிய தொடராகவே அது நினைவில் நின்றது. 2024 டிசம்பரில் திரும்பி வந்தபோது முதல் அதிர்ச்சியே நண்பர்கள் அபிஜீத்தும் தயாவும் பகைவர்கள் என்பதுதான். 2025 ஏப்ரலில் திக்மான்ஷு தூலியா நடித்த வில்லன் பார்போசா வைத்த குண்டில் பிரத்யுமன் இறந்தார். சானல் நிஜ மனிதருக்குப் போடுவது போல வருஷங்களைக் குறித்து அஞ்சலிப் படம் வெளியிட்டது. ஓய்வில் இருந்த சாத்தம், தன் பகுதி முடிந்துவிட்டதாகத் தனக்கு யாரும் சொல்லவில்லை என்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். புதிய ஏசிபியாகப் பார்த் சம்தான் வந்தார். ரசிகர்கள் விட்டபாடில்லை. சில வாரங்களில் பிரத்யுமன் உயிரோடு திரும்பினார்.

இதை ரசிகர்களின் வெற்றி என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. திரும்பி வருவது முன்பே முடிவான ஏற்பாடாக இருந்தாலும் சரி, பயந்து எடுத்த முடிவாக இருந்தாலும் சரி, அந்தச் சாவுக்குப் பின்னால் கதை எதுவும் இல்லை. ஒரு மாதத்தில் ரத்து செய்ய முடிகிற சாவு விளம்பரத்துக்கான சாவுதான். ரசிகர்களும் அழுதது பிரத்யுமனுக்காகத்தான். கதைக்காக ஒரு சொட்டும் விழவில்லை.

இருளை எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் ‘கிரிமினல் மைண்ட்ஸ்’ ஐந்தாம் சீசனின் ஒன்பதாவது எபிசோடைத் தேடிப் பார்க்கலாம். 2009 நவம்பரில் வந்தது. தொடரின் நூறாவது எபிசோடு. குழுத் தலைவர் ஹாட்ச்னரின் முன்னாள் மனைவி ஹேலியைத் தொடர்கொலைகாரன் ஃபோயெட் சுடுகிறான். ஹாட்ச்னர் தொலைபேசியில் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். குழந்தை ஜாக் ஒளிந்துகொண்டு உயிர் பிழைப்பது, அப்பாவோடு விளையாடிய விளையாட்டு ஒன்றின் சங்கேதத்தால். வீட்டுக்குள் நுழைந்த சாவுதான் இதுவும். இருந்தும் தொடரின் மிகச் சிறந்த எபிசோடு எது என்று ரசிகர்களைக் கேட்டால் பலர் இதைத்தான் சொல்கிறார்கள். நான்காம் சீசனின் பதினெட்டாவது எபிசோடை முதலில் பார்த்துவிடுங்கள்; ஃபோயெட்டை அங்கேயே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள்.