மருந்தளவும் குழல் துடைப்பும்: வாய்வழி ரைபிளில் புகையற்ற மருந்து

வாய்வழியாக மருந்தும் ரவையும் இடித்து ஏற்றும் ரைபிளில், கரிமருந்தை விட்டுப் புகையற்ற மருந்தைப் போடும் வழக்கம் 2000ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவில் பரவியது. சாவேஜ் நிறுவனம் இதற்கென்றே 10எம்எல் என்ற ரைபிளைச் செய்து விற்றது. ஏறத்தாழ பத்தாண்டுகளில் அந்த உற்பத்தி நின்றுபோனாலும் வழக்கம் நிற்கவில்லை. சிறு பட்டறைகள் அதைத் தொடர்ந்தன. ஆதரிப்போர் இரண்டு நன்மைகளைச் சொல்கிறார்கள். குறி பிசகாமல் விழுகிறது. குழல் துடைக்கும் பாடு குறைகிறது. இரண்டும் பெரும்பாலும் உண்மை. ஆனால் அவற்றை வைத்து அவர்கள் எட்டும் முடிவு தவறு. இப்படி இடித்து ஏற்றும் இடியன் துவக்கின் குறைகளெல்லாம் மருந்தின் குறைகள், மருந்தை மாற்றினால் தீர்ந்துபோகும் என்பது அந்த முடிவு. மழையும் மூடுபனியும் ஓயாத இலங்கையின் நுவரெலியா, ஹட்டன் மலைகள் கரிமருந்துக்குப் பகையான இடங்கள். ஆகவே இந்த வாதத்தை அங்கே வைத்துப் பார்ப்பது பொருத்தம்.

கரிமருந்து எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கு மேல் திடக்கழிவாகத் தங்குகிறது. பொட்டாசியம் கார்பனேட், சல்பேட், சல்பைடு ஆகியவை கலந்த இந்தக் கழிவு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஹட்டனுக்கு மேற்கே உள்ள வட்டவளை ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் ஊர். இப்படிப்பட்ட இடத்தில் மாலையில் சுட்ட துவக்கைத் துடைக்காமல் சாத்தி வைத்தால் மறுநாளே குழலுக்குள் துரு பிடித்திருக்கும். துடைப்பதற்குக் கருவி அதிகம் வேண்டாம். கேப்பு வைக்கும் குமிழைக் கழற்றிவிட்டுக் கொதிநீரை ஊற்றினால் முதல் தண்ணீர் மை போல இறங்கும், கூடவே அழுகிய முட்டை நாற்றம் வரும். மூன்றாம் நான்காம் முறை ஊற்றும்போது தண்ணீர் தெளியும். சூடேறிய இரும்பு தானே உலரும். அதன்பின் உலர்ந்த துணி, பிறகு எண்ணெய்த் துணி. மறுநாள் காலை வெள்ளைத் துணியை ஓட்டிப் பார்த்துப் பழுப்புக் கோடு தெரிந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

குறி பிசகுவதற்கும் இந்தக் கழிவே காரணம். முதல் வெடிக்குப் பின் குழலின் உள்விட்டம் சற்றுக் குறுகிவிடுகிறது. இரண்டாவது ரவை இறுக்கமாக இறங்கும், மூன்றாவது இன்னும் இறுக்கமாக. இடிகம்பியில் கொடுக்கும் அழுத்தம் மாறுவதால் அடியிலுள்ள மருந்தின் செறிவும் மாறுகிறது, ரவை வெளியேறும் வேகமும் மாறுகிறது. மூடுபனி நாளில் கழிவு இளகியிருப்பதால் ஏற்றுவது எளிது, துருதான் விரைவாக வரும். தை, மாசி மாதங்களின் உலர்ந்த காற்றில் அதே கழிவு ஓடு போல இறுகி ரவையைப் பாதிவழியில் மறிக்கும்.

இந்த மலையில் இந்தச் சிக்கலை எதிர்கொண்டவர்களில் எழுத்தில் தடம் விட்டவர் ஆங்கிலேய வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கர். 1848இல் நுவரெலியாவில் குடியேறி 1855 வரை இருந்தவர். அவருடைய பெரிய ரைபிள் பிரிஸ்டலின் கிப்ஸ் பட்டறையில் 1840இல் செய்தது: எடை 21 இறாத்தல், குழல் நீளம் 36 அங்குலம், உள்ளே இரண்டே புரிப்பள்ளங்கள். மருந்து 16 டிராம், அதாவது முழு ஒரு அவுன்ஸ். பட்டை வைத்த உருண்டை ரவை 3 அவுன்ஸ். பல பள்ளங்கள் உள்ள குழலைவிட இரண்டு பள்ளக் குழலே வேட்டைக்கு ஏற்றது என்பது பேக்கரின் கட்சி. ரவையின் பட்டை பள்ளத்தில் பொருந்திவிட்டால் அடித்து இறக்க வேண்டியதில்லை. அதிக மருந்து போட்டாலும் ரவை புரியை விட்டு வழுக்காது. கிட்டத்தில் நிற்கும் யானைக்கு இந்தக் கணக்கு சரி. (கொன்ற யானைகளின் எண்ணிக்கையைப் பெருமையாக எழுதிய காலம் அது. அந்தப் பெருமையை இன்று தூக்கிப் பிடிக்க எவருக்கும் காரணம் இல்லை.) தூரத்துக் குறிக்கு இந்தக் கணக்கு தவறு. இதே இரு பள்ள அமைப்பில் பிரிட்டிஷ் படைக்குச் செய்த பிரன்ஸ்விக் ரைபிள் 1852இல் என்ஃபீல்டில் நடந்த சோதனையில் 400 கஜத்துக்கு அப்பால் குறி பதியவே முடியாத அளவுக்குச் சிதறியது. ஏற்றுவதும் பெரும்பாடு என்றே அங்கே முடிவு கட்டினார்கள். குறியின் குறையைப் பேக்கர் மருந்தின் அளவாலும் ரவையின் எடையாலும் ஈடுசெய்தார். அப்படிச் செய்ய இடம் கொடுத்தது கரிமருந்தின் இயல்பு. இந்த இயல்பைத்தான் புகையற்ற மருந்தின் ஆதரவாளர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

புகையற்ற மருந்தின் சிறப்புகளை மறுக்க வேண்டியதில்லை. அது ஏறக்குறைய முழுவதும் வாயுவாக மாறுகிறது. வெடிக்கும் வெடிக்கும் இடையே துணி ஓட்டாமலே அடுத்த ரவை முன்னதைப் போலவே இறங்குகிறது. வேகமும் சீராக இருப்பதால் குறி நெருங்கி விழுகிறது. மிஞ்சும் கழிவு ஈரத்தை அவ்வளவாக இழுக்காது. ஆனாலும் துடைக்கும் வேலை ஒழிந்துவிடவில்லை. தண்ணீர் செய்ததை இப்போது கரைப்பான் செய்ய வேண்டும். ரவையைச் சுற்றிய பிளாஸ்டிக் உறையின் படலத்தையும், செம்பு ரவை விட்ட பூச்சையும், குழலின் பின்முனையை அடைக்கும் அடித்திருகின் துளையில் இறுகும் கரியையும் தனித்தனியே நீக்க வேண்டும். சூட்டில் அந்தத் துளை மெல்லத் தேய்ந்து அகலும்; அகன்றதும் குறி மறுபடி பிசகும். குழல் சூடாக இருக்கும்போது ஏற்றினால் பிளாஸ்டிக் உறை இளகி அதுவும் குறியைக் கெடுக்கும். கரிமருந்துக் கழிவைக் கருதி ஆழமில்லாமல் வெட்டிய லீ-மெட்ஃபோர்ட் ரைபிளின் புரி கார்டைட் என்ற புகையற்ற மருந்தின் வெப்பத்தில் விரைவாகத் தேய்ந்தது. 1895இல் ஆழமான என்ஃபீல்ட் புரி அதன் இடத்துக்கு வந்தது. ஒரு மருந்துக்கு ஏற்ற குழல் இன்னொரு மருந்துக்கு ஏற்றதல்ல என்பது அப்போதே தெரிந்த செய்தி.

பெரிய குறை இவை எதுவும் அல்ல. அது அளப்பதில் இருக்கிறது.

கரிமருந்தின் எரிவேகம் அழுத்தத்தால் அதிகம் மாறுவதில்லை. அதன் திடக்கழிவே வெப்பத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது. ஆகவே குப்பியிலிருந்து குத்துமதிப்பாகக் கொட்டினாலும், ஒருநாள் சற்றுக் கூடினாலும், நல்ல குழல் தாங்கும். புகையற்ற மருந்து அப்படியில்லை. அழுத்தம் ஏற ஏற அது வேகமாக எரியும்; வேகமாக எரிவதால் அழுத்தம் மேலும் ஏறும். கரிமருந்தை அளக்கும் அதே குப்பியால் அதே கொள்ளளவை அள்ளினால் ஆற்றல் மிகவும் கூடும். அழுத்தம் அதையும் விடப் பல மடங்கு உயரும். கொள்ளளவால் அளந்து பழகிய கையும் இந்த மருந்தை எடையால் மட்டுமே அளக்க வேண்டும். அதிலும் வகைக்கு வகை எடை மாறும்.

தோட்டாவில் இந்த ஆபத்தைத் தொழிற்சாலை தன் தலையில் ஏற்றுக்கொள்கிறது. மருந்தின் வகை, எடை, ரவை அமரும் ஆழம் மூன்றும் அங்கேயே முடிவாகிவிடும். ஒரு தோட்டா இருக்கும் அறையில் இன்னொன்றை நுழைக்க முடியாது. வாய்வழி ரைபிளில் இந்தக் காவல் ஒன்றுகூடக் கிடையாது. மருந்து குழலுக்குள் விழுந்தபின் அதைக் கண்ணால் பார்க்க வழியில்லை. பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஏற்றுகிறவர் இரண்டாம் முறையும் மருந்தை ஊற்றிவிட்டால் அதைக் காட்டிக்கொடுப்பது இடிகம்பியில் கீறிய ஒரு கோடு மட்டுமே, அதுவும் அந்தக் கோட்டை அவர் பார்த்தால். ரவை மருந்தின் மேல் அமராமல் இடையில் நின்றுவிட்டால் குழலே வீங்கிப் பிளக்கலாம். கரிமருந்திலும் இந்தப் பிழைகள் ஆபத்தானவைதான். ஆனால் அங்கே தப்பிப் பிழைக்க இடம் இருந்தது. இங்கே இல்லை. சாவேஜ் ரைபிள்களின் குழல் வெடித்த வழக்குகள் அமெரிக்க நீதிமன்றங்களுக்கே போயின. எஃகின் குறையா, ஏற்றியவரின் பிழையா என்பதில் இரு தரப்பும் மோதின. எது காரணமானாலும் கையும் கண்ணும் போனவருக்கு ஒன்றுதான். ஏனைய வாய்வழி ரைபிள் நிறுவனங்களில் பெரும்பாலானவை கரிமருந்து அல்லது அதற்கு ஈடான மருந்து மட்டுமே என்று குழலிலேயே பொறித்து அனுப்புவதற்குக் காரணம் இதுவே.

கவனமாக இருப்பவருக்கு ஆபத்தில்லை என்பது ஆதரவாளர்களின் மறுமொழி. துடைப்பதைத் தொல்லையென்று நினைத்து மருந்தை மாற்றுகிறவரிடம், துடைப்பதைவிடப் பன்மடங்கு கவனத்தை ஒவ்வொரு வெடிக்கும் முன்னால் எதிர்பார்ப்பது எப்படிப் பொருந்தும்? துடைக்க மறந்த பிழை மறுநாள் துருவாகத் தெரியும், தேய்த்துத் திருத்தலாம். அளப்பதில் செய்த பிழை முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் அந்த நொடியே வெடிக்கும். இரண்டையும் ஒரே தராசில் வைத்து, வேலை குறைந்தது என்று சொல்வது நேர்மையான கணக்கல்ல.

இலங்கையில் இந்த வாதம் மேலும் கேடானது. பயிரைக் காக்க உரிமத்தோடு வைத்திருக்கும் வாய்வழித் துவக்குகள் 1916ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டத்தின் கீழ் வருகின்றன. உரிமமில்லாமல் ஊர்ப் பட்டறைகளில் செய்யும் இடியன்களும், பன்றிக்கென்று பாதையோரத்தில் கட்டிவைக்கும் கட்டுத்துவக்குகளும் ஒழிந்தபாடில்லை. கட்டுத்துவக்கு யானையையும் முடமாக்குகிறது, விறகுக்குப் போனவரின் காலையும் துளைக்கிறது. இவற்றின் குழல் பெரும்பாலும் தண்ணீர்க் குழாய் போன்ற சாதாரண இரும்பு; எந்தச் சோதனையும் காணாதது. பிர்மிங்ஹாம் சோதனைச் சாலை 1813 முதல் குழல்களை அளவுக்கு மீறிய மருந்தால் வெடித்துப் பார்த்து முத்திரை குத்திவந்தது. புகையற்ற மருந்து வந்தபின் அதற்கென்று தனிச் சோதனையும் தனி முத்திரையும் ஏற்பட்டன. பழைய முத்திரையுள்ள நல்ல குழலுக்கே புது மருந்து ஆகாது என்னும்போது, முத்திரையே இல்லாத குழாயைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தோட்டாவைப் பிரித்தெடுத்த மருந்து இடியனுக்குள் போனால் பன்றிக்கு முன் விழுவது சுட்டவர்தான். குழல் சுத்தமாக இருக்கும், குறி நன்றாக விழும் என்ற புகழ்ச்சியை வரையறை சொல்லாமல் தமிழிலோ சிங்களத்திலோ பரப்புவது பொறுப்பற்ற செயல்.

குறிக்காக மருந்தை மாற்றத் தேவையும் இல்லை. 1860இல் விம்பிள்டனில் விக்டோரியா அரசி தாங்கியில் பொருத்திய விட்வொர்த் ரைபிளின் விசையை இழுத்தபோது, 400 கஜத்தில் ரவை நடுப்புள்ளிக்கு ஒன்றேகால் அங்குலத்தில் விழுந்தது. அது வாய்வழி ரைபிள், உள்ளே இருந்தது கரிமருந்து. 1971 முதல் நடக்கும் பன்னாட்டு வாய்வழித் துவக்குப் போட்டிகளில் இன்றும் கரிமருந்து மட்டுமே அனுமதி. 50, 100 மீட்டரில் அங்கே விழும் குறிகள் நெருக்கமானவை. அதற்கான வழி தெரிந்ததுதான். ஒவ்வொரு வெடிக்குப் பின்னும் ஈரத் துணி ஒருமுறை, உலர்ந்த துணி ஒருமுறை ஓட்டினால் குழல் முதல் வெடியின் நிலைக்குத் திரும்பும். துணி அதிகம் நனைந்திருந்தால் ஈரம் அடியில் தேங்கி அடுத்த மருந்தைக் கெடுக்கும். ஆகவே பிழிந்த துணியே போதும். மருந்தை ஒரே அளவாகப் போட்டு, இடிகம்பியை ஒரே அழுத்தத்தில் அழுத்தி, கம்பியின் கோடு குழல் வாயோடு சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். சுட்ட அன்றே கொதிநீர், மறுநாள் வெள்ளைத் துணி. வட்டவளை, ஹட்டன் பக்கத்து மழை மாதங்களில் சுடாத துவக்குக்கும் வாரம் ஒருமுறை எண்ணெய்த் துணி ஓட்ட வேண்டும். அடுத்தமுறை ஏற்றுமுன் அந்த எண்ணெயை முழுவதும் துடைத்தெடுக்க வேண்டும். குழலில் எண்ணெய் தங்கினால் முதல் ரவையே விலகிப் போகும்.