பந்துக்கு முன்பே போய் நிற்பவர்

கோல் அடிப்பவரை ரசிக்க யாரும் சொல்லித்தர வேண்டாம். தடுப்பாட்டத்தை ரசிக்கத்தான் கண் பழக வேண்டும். அப்படிப் பழகிய கண்ணுக்குத் தென்னாப்பிரிக்கக் கால்பந்து வீரர் லூகாஸ் ராடெபே ஒரு விருந்து.

சறுக்கி விழுந்து பந்தைப் பறிப்பது அரங்கத்தையே எழுந்து கத்த வைக்கும். ராடெபேக்கும் அது நன்றாக வரும். ஆனால் அவருடைய அழகு அதற்கு முந்தைய கணத்தில் இருக்கிறது. எதிரணி முன்கள வீரரை நோக்கிப் பந்து புறப்படும்போதே அவர் இரண்டு எட்டு நகர்ந்திருப்பார். பந்து போய்ச் சேருவதற்குள் குறுக்கே ஒரு நீண்ட கால் வந்துவிடும். மோதலும் இல்லை, புழுதியும் இல்லை.

இந்தப் பார்வை அவருக்குக் கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றபோது வந்தது என்றே நம்புகிறேன். 1969இல் சொவேட்டோவின் டீப்க்லூஃப் பகுதியில் பிறந்தவர். நிறவெறி ஆட்சிக்கால வன்முறைக்கு அஞ்சிப் பெற்றோர் அவரைப் போபுதட்ஸ்வானா பகுதிக்கு அனுப்பினார்கள். அங்கே அவர் ஆடியது கோல்கீப்பராக. ஆடுகளத்தில் இருபத்தோரு பேரையும் தன் முன்னால் காண்பவர் கோல்கீப்பர் ஒருவர்தான். எந்த இடைவெளி திறக்கப் போகிறது என்பதை அங்கிருந்து பார்த்துப் பழகியவர் பின்களத்துக்கு வந்தால் எப்படி ஆடுவாரோ, அப்படித்தான் ராடெபே ஆடினார்.

கைசர் சீஃப்ஸ் கிளப்புக்கு ஆடிக்கொண்டிருந்த 1991இல் சொவேட்டோவில் யாரோ அவரைச் சுட்டார்கள். முதுகில் பாய்ந்த குண்டு தொடை வழியே வெளியேறியது. பிழைத்து, மீண்டும் ஆட வந்தார். 1994இல் சக நாட்டு வீரர் ஃபில் மசிங்காவோடு இங்கிலாந்தின் லீட்ஸ் யுனைடெட் அவரையும் வாங்கியது. விலை 2,50,000 பவுண்ட்.

1996 ஏப்ரலில் ஓல்ட் டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிரான ஆட்டம். முதல் இருபது நிமிடத்துக்குள் லீட்ஸ் கோல்கீப்பர் மார்க் பீனிக்குச் சிவப்பு அட்டை. மாற்று கோல்கீப்பர் இல்லை. கையுறையை ராடெபே மாட்டிக்கொண்டார். அந்த ஆண்டின் சாம்பியன் அணி, பத்துப் பேர் கொண்ட அணியைச் சொந்த மண்ணில் முற்றுகையிட்டும் 72ஆம் நிமிடம்வரை கோல் விழவில்லை. பிறகு ராய் கீன் அடித்தார். 1-0 என்று தோற்ற ஆட்டம்தான், ஆனாலும் ராடெபே என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுவே.

அதே ஆண்டு, ஆப்பிரிக்க நாடுகள் கோப்பை அரையிறுதி. எதிரே கானா, அதன் முன்களத்தில் டோனி யெபோவா, லீட்ஸில் ராடெபேயின் சக வீரர். பயிற்சியில் தினமும் எதிர்கொண்ட ஆளை எப்படி அடக்குவது என்று அவருக்குத் தெரியாதா! தென்னாப்பிரிக்கா 3-0 என்று வென்றது, பிறகு கோப்பையையும். 1998, 2002 உலகக் கோப்பைகளில் நாட்டுக்கும், 1998 முதல் லீட்ஸுக்கும் அவரே தலைவர்.

ஜார்ஜ் கிரஹாம் பயிற்சியாளராக வந்த பிறகுதான் லீட்ஸில் அவர் பின்களத்தில் நிலைபெற்றார். பெரிய கிளப்புகள் கண் வைத்தும் போகவில்லை. காயங்கள் வாட்டி எடுத்தன. 2005இல் ஓய்வு பெற்றார். லீட்ஸுக்காக 250க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடியவரின் கோல்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அப்படியும் அந்நகரத்து இளைஞர்கள் தங்கள் ராக் இசைக்குழுவுக்கு அவருடைய பழைய சொவேட்டோ கிளப்பின் பெயரையே சூட்டினார்கள்.